பொறி வராத காலை

ஊசிமலைத் தேயிலைத் தோட்டத்து மேல் டிவிசனில் ஒரு சாமான் பழுதானால் பதுளை டவுனுக்குக் கொண்டுபோகிற வழக்கமே ஒரு காலத்தில் இல்லை. ரைஸ் குக்கர் சூடாகவில்லையா, மருதமுத்துவிடம் கொடு. ரேடியோ கரகரக்கிறதா, மருதமுத்துவிடம் கொடு. கோயில் திருவிழாவுக்கு மைக் செட் கட்ட வந்தவன் குடித்துவிட்டு எங்கேயோ விழுந்து கிடக்கிறானா, ஓடிப்போய் மருதமுத்துவைக் கூட்டிவா. மனிதர் ஒரு ஸ்க்ரூ டிரைவரோடு வருவார். வயரைப் பல்லால் கடித்துத் தோல் உரிப்பார், முறுக்குவார், டேப்பைச் சுற்றுவார். "இனி ஒண்ணும் ஆகாது, கொண்டுபோ" என்பார். பெரும்பாலும் ஒன்றும் ஆகாது.

அதில் அவருக்குப் பெருமை இருந்தது. இருக்கட்டுமே, அதைத் தவிர என்ன இருந்தது அந்த மனிதருக்கு? எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, கொழும்பில் ஒரு மின்சாமான் கடையில் பெட்டி தூக்கி, மூட்டைப்பூச்சிக்கு ரத்தம் கொடுத்து, ஊருக்குத் திரும்பி வந்து தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலை ஆலையில், கொழுந்து வாட்டும் மாடியில் வேலைக்குச் சேர்ந்தவர். தேயிலை வாட்டுகிற காற்றாடிக்குப் பக்கத்திலேயே ஆயுசில் பாதி போய்விட்டது. பக்கத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில் இருந்த பாக்கியலெட்சுமியைக் கட்டினார். ஒரே ஒரு பெண் பிள்ளை, யசோதினி. பிள்ளை படித்து, பண்டாரவளையில் ஒரு துணிக்கடையில் கணக்கெழுதப் போனாள். அவ்வளவுதான் மருதமுத்துவின் சரித்திரம். அதோடு நின்றிருந்தால் இதை எழுதவே வேண்டியதில்லை.

அந்த வண்டியைச் சொல்ல மறந்துவிட்டேன். தொண்ணூறுகளில் ஜப்பானில் பிறந்து, நாலைந்து கை மாறி, கடைசியில் இவர் கையில் வந்து விழுந்த மோட்டார் சைக்கிள். செல்ஃபும் உண்டு, கிக்கும் உண்டு. வாங்கி வந்த அன்று பாக்கியம் அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "ஏங்க, இது நம்மள ஏத்திட்டுப் போகுமா, இல்ல நாம இத ஏத்திட்டுப் போகணுமா?" என்று கேட்டாள். லயமே சிரித்தது. மருதமுத்து அடுத்த வெள்ளிக்கிழமை அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பதுளைக்குப் போய், கடைத்தெருவை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தார். அதற்குப் பிறகு அவள் அந்த வண்டியைப் பற்றி யாரையும் ஒரு வார்த்தை தப்பாகப் பேச விட்டதில்லை.

பிறகு அந்தக் கெட்ட காலம் வந்தது. நாடே பெட்ரோல் ஷெட் வாசலில் படுத்துக் கிடந்த வருசம். பசி வந்தால் பத்தும் பறந்து போகும் என்பார்கள். பதினொன்றாவதாக மோட்டார் சைக்கிளும் பறந்தது. கீழ் டிவிசனில் நிறுத்தி வைத்திருந்த வண்டி ஒன்று விடிந்து பார்த்தால் இல்லை. லயத்தில் ஏது கராஜ்? எல்லா வண்டியும் வெட்டவெளியில்தான் நிற்கும்.

"நம்ம வண்டிக்கு ஒரு கள்ள சுவிச்சி போடுறேன்" என்றார் மருதமுத்து.

பொறி போகிற வயரிலிருந்து ஒரு கிளை எடுத்து, நடுவே ஒரு சின்ன சுவிச்சி வைத்து, மறுமுனையை வண்டியின் இரும்பில் முடுக்கிவிடுவது. சுவிச்சியைப் பூட்டினால் பொறி இரும்பில் இறங்கிச் செத்துப்போகும். விளக்கு எரியும், ஹார்ன் அடிக்கும், செல்ஃபும் சுற்றும். எஞ்சின் மட்டும் பிடிக்காது. களவாணிப் பயல் உதைத்து உதைத்துக் கால் வலித்து ஓடிவிடுவான். சுவிச்சியைப் பக்க மூடிக்கு உள்ளே ஒளித்து வைத்தார். வயர் முடிச்சு சீட்டுக்கு அடியில், வண்டியின் இரும்புச் சட்டத்தை ஒட்டி வந்தது.

சாயங்காலம் இஸ்தோப்புத் திண்ணையில் பாக்கியம் டார்ச் பிடித்துக்கொண்டு நிற்க, முடிச்சைப் போட்டு முடிக்கிற நேரத்தில் டேப் தீர்ந்துவிட்டது. கடை வரை இறங்க வேண்டும். மழை வேறு. பாக்கியம் உள்ளே போய், கொழுந்து எடுக்கும்போது விரல் வெட்டுப்படாமல் சுற்றிக்கொள்கிற துணிப் பிளாஸ்டரைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"இந்தாங்க, இதச் சுத்துங்க. நாளெல்லாம் என் விரலுக்குத் தாங்குது, உங்க வயருக்குத் தாங்காதா?"

"இது துணி புள்ள."

"அப்ப நாளைக்கு டேப் வாங்கி மாத்துங்க. இப்பச் சுத்திட்டு வாங்க, சோறு ஆறுது."

சுற்றினார். மறுநாள் மாற்றவில்லை. அதற்கு மறுநாளும் மாற்றவில்லை. வண்டி நன்றாக ஓடியது. ஓடுகிற வண்டியின் சீட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று யார் பார்க்கிறார்கள்? மருதமுத்துவுக்குத் தன் கையால் போட்ட முடிச்சைச் சந்தேகப்படுகிற பழக்கமும் இல்லை.

பெட்ரோல் வரிசை ஒழிந்தது. பிறகு ஒரு ஆயுத பூசை வந்தது. தோட்டத்தில் ஆயுத பூசை என்றால் சும்மா இல்லை. ஸ்டோரில் ரோதை இயந்திரத்துக்கெல்லாம் மாலை. லயத்தில் கவ்வாத்துக் கத்தி, மண்வெட்டி, கொழுந்துக் கூடை, தையல் மெசின் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். மருதமுத்து எதையும் அரைகுறையாகச் செய்கிற ஆள் இல்லை. வண்டியைத் தண்ணீர் கொட்டுகிற பீலியடிக்குத் தள்ளிக்கொண்டுபோய், சீட்டைக் கழற்றி, பக்க மூடியைக் கழற்றி, உள்ளும் புறமும் தேய்த்துக் கழுவினார். பிறகு மஞ்சள் தண்ணீரைக் கரைத்து, சாமிக்கு அபிசேகம் பண்ணுவதுபோல் தலையிலிருந்து கால் வரை ஊற்றினார். திரும்ப எல்லாவற்றையும் பூட்டி, பொட்டு வைத்து, முன் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நிறுத்தினார். பூசையில் வைத்த ஆயுதத்தை அன்றைக்குத் தொடக்கூடாது என்பது முறை. தொடவில்லை. மறுநாள் நல்ல நேரம் பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

மறுநாள் காலையில் பனி இறங்கி எதிர் மலை தெரியவில்லை. இரண்டு நாளுக்கு முன் பெய்த மழையில் பாதை வளைவில் மண் சரிந்து, கொழுந்து லொறி மேலே வருவது நின்றிருந்தது. சரிவின் ஓரமாக மோட்டார் சைக்கிள் மட்டும்தான் போகலாம். பாக்கியம் விரலில் பிளாஸ்டரைச் சுற்றிக்கொண்டு, வேலைக்குப் பேர் பதிகிற பெரட்டுக்குப் போனாள். மருதமுத்துவுக்குப் பகல் முறை இல்லை. குளித்து, நெற்றியில் திருநீறு பூசி, நல்ல நேரத்துக்காகக் காத்திருந்தார்.

நல்ல நேரத்துக்கு முன்னால் குளவி வந்துவிட்டது.

கொழுந்து எடுக்கிற மலையில் ஒரு மரத்தில் கூடு இருந்தது. பருந்து மோதியதோ, கிளை முறிந்ததோ, யாருக்குத் தெரியும். பெண்கள் கூடையைப் போட்டுவிட்டு ஓடினார்கள். பாக்கியம் கால் தடுக்கித் தண்ணீர்க் கானுக்குள் விழுந்துவிட்டாள். விழுந்தவளை மொய்த்துக்கொண்டன. அவளைத் தூக்கிக்கொண்டு லயத்துக்கு வந்தபோது முகம் வீங்கிக் கண் தெரியவில்லை. ஆனால் பேச்சு இருந்தது.

"வண்டிய எடுங்க" என்றாள்.

மருதமுத்து சாவியைத் திருகினார். பச்சை லைட் எரிந்தது. செல்ஃபை அழுத்தினார். சுற்றியது. பிடிக்கவில்லை. மறுபடி அழுத்தினார். பிடிக்கவில்லை. கள்ள சுவிச்சி! பக்க மூடிக்குள் கையை விட்டுத் திறந்தார். திறந்தாரா? முதல் நாளே திறந்து வைத்திருந்து, இப்போது பூட்டிவிட்டாரா? மறுபடி தட்டினார். கிக்கை உதைத்தார். செல்ஃபை அழுத்தி அழுத்திக் கடைசியில் பெட்டரியும் படுத்துவிட்டது. "டிக், டிக்" என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது.

"விடுங்க மச்சான், தூக்கிட்டுப் போயிருவோம்!" என்று கத்தினான் ஜெயகுமார். பாக்கியத்தின் கூடப்பிறந்த தம்பி.

"ஒரு நிமிசம்டா. இந்தா வந்துரும்."

"மச்சான்!"

"இருடாங்கிறேன்! எனக்குத் தெரியாதா இந்த வண்டிய?"

ஆட்கள் பின்னால் பிடித்துச் சரிவில் தள்ளினார்கள். கியரைப் போட்டுக் கிளட்சை விட்டார். வண்டி இருமக்கூட இல்லை. மறுபடி மேலே ஏற்றி மறுபடி தள்ளினார்கள். சக்கரத்தில் நசுங்கிய எலுமிச்சம்பழம் அப்படியே ஒட்டிக்கொண்டு சுற்றியது. பொறுக்க முடியாமல் ஜெயகுமாரும் மற்றவர்களும் கம்பளியில் கம்பு கட்டிப் பாக்கியத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மருதமுத்து அப்போதும் உதைத்துக்கொண்டுதான் இருந்தார். வண்டி வந்துவிடும், எட்டிப் பிடித்து ஏற்றிக்கொள்ளலாம் என்று அந்த மனிதர் நம்பினார்.

மண்சரிவுக்கு அந்தப் பக்கம் த்ரீவீலர் நின்றது. அதில் ஏற்றும்போதே மூச்சு இழுத்ததாம். பதுளை ஆஸ்பத்திரியில் டாக்டர் சிங்களத்தில் சொன்னதை ஜெயகுமார்தான் தமிழில் திருப்பிச் சொன்னான்: கொஞ்சம் முந்தி வந்திருந்தால் ஊசி போட்டிருக்கலாம்.

கொஞ்சம் முந்தி. பாவி மனுசன், அந்தக் கொஞ்சத்தைத்தான் லயத்து வாசலில் நின்று உதைத்துத் தீர்த்திருந்தார்.

யசோதினி பண்டாரவளையிலிருந்து ஓடிவந்து அம்மா மேல் விழுந்து அழுதாள். அழுது முடிந்து, எல்லாரும் ஓய்ந்து உட்கார்ந்திருந்தபோது ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"ஏம்ப்பா வண்டி ஸ்டார்ட் ஆகல?"

அந்தக் கேள்வியோடு போயிருந்தாலும் பரவாயில்லை. கருமாதி முடிந்த மறுநாள், நல்ல வெயில். மனிதருக்கு என்ன தோன்றியதோ, எழுந்து போய் வண்டியில் கை வைத்தார். ஒரே உதை. புடுபுடுவென்று பிடித்துக்கொண்டது! லயம் முழுக்க அந்தச் சத்தம் கேட்டது. சாவு வீட்டில் யாரோ வாய்விட்டுச் சிரித்ததுபோல் இருந்தது. மருதமுத்து பதறிப்போய் சாவியை அணைத்தார்.

ஜெயகுமார் வெளியே வந்தான். "இன்னைக்கு மட்டும் எப்புடி வந்துச்சு மச்சான்?" என்றான். "அன்னைக்கு அந்தக் கள்ள சுவிச்சியத் தெறந்தீங்களா, இல்லையா? உண்மையச் சொல்லுங்க."

"தெறந்தேன்டா."

"நிச்சயமா?"

மருதமுத்து வாயைத் திறந்தார். நிச்சயமாக என்று சொல்ல வரவில்லை. யசோதினி வாசற்படியில் நின்று அதைப் பார்த்தாள். மாமனோடு பையை எடுத்துக்கொண்டு போனவள்தான். பிறகு அவர் போன் பண்ணினால் மணி அடித்துக்கொண்டே இருக்கும், அவள் எடுக்கமாட்டாள்.

ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? மருதமுத்து சுவிச்சியைப் பூட்டி வைத்துக்கொண்டே உதைத்தார் என்று கீழ் டிவிசனில் பேச்சு. வண்டியைக் கொல்லைப் பக்கம் தள்ளி, படங்கைப் போட்டு மூடினார். யாராவது குக்கரோடு வந்தால், "பதுளைக்குக் கொண்டுபோங்க, எனக்குத் தெரியாது" என்று திருப்பி அனுப்பினார். ஸ்டோரில் காற்றாடிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, வலது கையின் பெருவிரலை மடக்கி நிமிர்த்தி, மடக்கி நிமிர்த்திப் பார்ப்பார். சுவிச்சியைத் தட்டிய விரல் அது. அன்று அது எந்தப் பக்கம் தட்டியது? விரலுக்கும் ஞாபகமில்லை.

தைப்பொங்கல் போனது. பால் பொங்காத பொங்கல். மாசியில் ஒரு நாள், மரக்கறி லொறிக்காரனைக் கெஞ்சி, கோவா மூட்டைகளுக்கு நடுவே வண்டியை ஏற்றிக்கொண்டு பதுளைக்குப் போனார். பசறை வீதியில் மெக்கானிக் ரஜீவ் பாஸின் கராஜ். ரஜீவ் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவன். நாற்பது வயதிருக்கும், குனிந்த தலை நிமிராமல் பேசுகிற ஆள்.

"என்ன கம்ப்ளைன்ட் அண்ணே?"

"இப்ப ஒண்ணுமில்ல தம்பி. நல்லா ஓடுது."

ரஜீவ் தலையை நிமிர்த்தினான்.

"ஆயுத பூசைக்கு மறுநாள் ஓடல. ஏன்னு சொல்லணும்" என்றார் மருதமுத்து. பிறகு எல்லாவற்றையும் சொன்னார். மறைக்கவில்லை. கள்ள சுவிச்சியையும் சொன்னார். "சுவிச்சியத் தெறந்தேனா இல்லையான்னு எனக்கே தெரியல தம்பி. என் கைதான் அவளக் கொன்னுச்சான்னு எனக்குத் தெரியணும். என் மக கேட்டா. அவளுக்கு நான் ஒரு பதில் சொல்லணும்."

ரஜீவ் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அன்னைக்குப் பச்சை லைட் எரிஞ்சுச்சா?"

"எரிஞ்சுச்சு."

"செல்ஃப் சுத்துச்சா?"

"நல்லா சுத்துச்சு. பிடிக்கல. பெறகுதான் பெட்டரி எறங்குச்சு."

"அப்ப பெட்டரிய விடுங்க. அது பெறகு வந்த நோவு. தள்ளியும் பிடிக்கலன்னா, ஒண்ணு பெட்ரோல் வரல, இல்ல பொறி வரல. பிளக்கக் கழட்டிப் பாத்தீங்களா, பெட்ரோல்ல நனைஞ்சிருந்துச்சா?"

"எங்க தம்பி நேரம்?" என்றார் மருதமுத்து. "மணம் வந்துச்சு. பெட்ரோல் மணம் குப்புன்னு வந்துச்சு."

"அப்ப பொறிதான்." பிளக்கைக் கழற்றி எஞ்சின் மேல் வைத்துப் பிடித்து, கிக்கைக் கையால் அழுத்தினான். நீலப் பொறி டக்கென்று பறந்தது. "இப்ப வருது. வருற நேரத்துல வராததத் தேட முடியாது. அன்னைக்கு மாதிரி ஈரத்துலயும் குளிர்லயும் வச்சுப் பாக்கணும். வண்டிய விட்டுட்டுப் போங்க. வெள்ளிக்கிழமை வாங்க."

வெள்ளிக்கிழமை வரை மருதமுத்துவுக்குச் சோறு இறங்கவில்லை. சுவிச்சிதான் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று யோசித்தார். ஒன்றும் செய்ய முடியாது, ஆனால் தெரிந்துவிடும். தெரியாமல் இருப்பதை இனியும் தாங்க முடியாது என்று நினைத்தார். அதுதான் பெரிய வேதனை என்று நினைத்தார், அப்பாவி.

கராஜில் வண்டி கழுவித் துடைத்து நின்றது. ரஜீவ் ஒரு கறுத்த காயிலை எடுத்து அவர் கையில் வைத்தான். ஒரு பக்கத்தில் மயிரிழை மாதிரி ஒரு வெடிப்பு.

"இதான் அண்ணே. காயில்தான் பொறி உண்டாக்குறது. உள்ள வெடிச்சிருக்கு. ஈரம் எறங்குனா பொறி பிளக்குக்குப் போகாம வெளிய ஓடிரும். வெயில்ல காஞ்சா திரும்ப நல்லாயிரும். அதான் கருமாதிக்கு மறுநாள் பிடிச்சிருக்கு."

மருதமுத்து அந்தக் காயிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப... சுவிச்சி?"

"சுவிச்சி நல்லாயிருக்கு. நீங்க தெறந்துதான் இருந்திருக்கீங்க. இந்தக் காயிலக் கழட்டித் தண்ணியில போட்டுப் பாத்தாலொழிய யாருக்கும் தெரியாது. நானா இருந்தாலும் அன்னைக்கு அந்த எடத்துல ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது." மறுபடி தலையைக் குனிந்துகொண்டான். "வேற காயில் போட்டாச்சு. இனி எதாவதுன்னா நீங்க கழட்டாதீங்க அண்ணே. எங்கிட்டயே கொண்டுவாங்க."

மருதமுத்து அங்கேயே, டயர்களுக்கு நடுவே, குந்தி உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். மனைவி செத்தபோது இப்படி அழவில்லை. அப்போது அழுவதற்கு உரிமை இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை. ரஜீவ் யாரையோ அனுப்பிப் பிளேன்டீ வாங்கி வைத்தான். அவர் அழுது முடிக்கும்வரை ஒரு நட்டைத் தேய்த்துக்கொண்டே இருந்தான்.

வெடித்த காயிலைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு, அன்றே பண்டாரவளைக்குப் போனார் மருதமுத்து. துணிக்கடை வாசலில் நின்று, மகள் வெளியே வரும்வரை காத்திருந்து, அதை அவிழ்த்துக் காட்டினார். ரஜீவ் சொன்னதை வார்த்தை பிசகாமல் ஒப்புவித்தார். யசோதினி அந்த வெடிப்பின் மேல் நகத்தை வைத்து உரசிப் பார்த்தாள்.

"நான் உங்களத் தப்பா நெனைச்சுட்டேன்ப்பா" என்றாள். கடை வாசலில் ஆட்கள் போக வர, அப்பாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள்.

சித்திரைக்கு வீட்டுக்கு வந்துவிட்டாள். வேலையையும் பதுளைக்கு மாற்றிக்கொண்டாள். காலையில் அப்பா வண்டியில் பஸ் ஏறுகிற இடம் வரை போவாள். காயிலை ஜெயகுமாரிடமும் அவளே காட்டினாள். அவன் வந்து மச்சானின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டுப் போனான். ஊர் வாயும் மெல்ல வேறு ஆளைப் பிடித்துக்கொண்டது. காயிலை யசோதினி எறிய விடவில்லை. அம்மா படத்துக்குக் கீழே, விளக்குத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். "அப்பா மேல தப்பில்லைன்னு சொன்னது இதானே" என்றாள்.

மருதமுத்துவும் கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய ஆளாகி வந்தார். ஆனால் வண்டியில் மட்டும் கை வைப்பதில்லை. ஒரு பல்பு மாற்றுவதானாலும் ரஜீவிடம்தான். அவன் சொன்ன சொல்லைச் சாமி சொன்ன சொல்லாக வைத்திருந்தார்.

அந்த வருசம் வீட்டில் ஆயுத பூசை இல்லை. வருசம் திரும்பாத வீடு. அடுத்த ஆயுத பூசைக்கு, அதாவது போன புரட்டாசியில், யசோதினி பிடிவாதம் பிடித்தாள்.

"இந்தத் தடவ வண்டிக்குப் பொட்டு வைக்கணும்ப்பா. அம்மா இருந்தா விடுவாங்களா?"

மகள் சொல்லைத் தட்ட மாட்டாமல் வண்டியைப் பீலியடிக்குத் தள்ளிக்கொண்டு போனார். மேலாகத் துடைத்தார். பழக்கம் விடுமா? கை தானாகச் சீட்டின் நட்டுக்குப் போனது. சீட்டைத் தூக்கி, உள்ளே இருந்த புழுதியை ஈரத் துணியால் ஒற்றினார். டாங்கிக்கு அடியில் காயில் தெரிந்தது. அதன் மேல் ஒரு சொட்டு நீலப் பெயின்ட்.

துணி அப்படியே நின்றது. அந்தச் சொட்டு அவருக்குத் தெரியும். வீட்டுக் காம்பரா கதவுக்கு நீலம் அடித்தபோது, பக்கத்தில் சீட்டைக் கழற்றி நிறுத்தியிருந்த வண்டிக்குள் பிரசிலிருந்து தெறித்தது. "வண்டிக்கும் சேத்து அடிக்கிறீங்களா?" என்று பாக்கியம் கேலி செய்திருந்தாள். மாற்றப்பட்ட காயிலில் பழைய பெயின்ட் எப்படி வரும்? விரலை வைத்துத் தடவினார். வெடிப்பு எதுவும் இல்லை. அவர் வாங்கிய நாளிலிருந்து அந்த வண்டியில் இருந்த அதே காயில்தான்.

பிறகு அவர் கண் சட்டத்தை ஒட்டிப் போகிற வயரைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனது. கள்ள சுவிச்சியின் முடிச்சு இருந்த இடத்தில், ஈயம் வைத்துப் பற்றி, கறுப்பு ரப்பர் உறை மாட்டி, சட்டத்தை விட்டுத் தள்ளி அழகாகக் கட்டப்பட்டிருந்தது. துணிப் பிளாஸ்டர் இல்லை.

அப்போதுதான் மருதமுத்துவுக்கு அந்தப் பிளாஸ்டரே ஞாபகம் வந்தது. டார்ச் வெளிச்சமும், ஆறுகிற சோறும், "என் விரலுக்குத் தாங்குது, உங்க வயருக்குத் தாங்காதா?" என்ற குரலும் வந்தன. துணி. சீட்டைக் கழற்றி வைத்து அவர் ஊற்றிய மஞ்சள் தண்ணீரைக் குடித்து ஊறிய துணி. ஊறி, இரும்பில் ஒட்டி, பூட்டாத சுவிச்சியைப் பூட்டியதுபோல் ஆக்கிப் பொறியைக் கொன்ற துணி. சுவிச்சியை அவர் திறந்துதான் இருந்தார். அதில் மட்டும் ரஜீவ் பொய் சொல்லவில்லை. மற்றதெல்லாம், வேறு யாருடைய வண்டியிலோ வெடித்த ஒரு காயிலை எடுத்து, இந்த மனிதன் பிழைக்கட்டும் என்று அவன் கட்டிய கதை.

நாளைக்கு மாற்றுங்கள் என்று அவள்தான் சொன்னாள். மாற்றாதது இவர்.

அந்தப் பிளாஸ்டர் துண்டு எந்தக் குப்பையில் போனதோ? அவள் கையால் கொடுத்தது. அதையாவது திருப்பித் தந்திருக்கலாமே தம்பி என்று ஒரு கணம் ரஜீவ் மேல் கோபம்கூட வந்தது. பிறகு அதுவும் இல்லை. பீலித் தண்ணீர் கொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

"என்னப்பா அப்படியே நிக்கிறீங்க?"

யசோதினி மஞ்சள் தண்ணீர்ச் செம்போடு வந்து நின்றாள். தலை குளித்து, நெற்றியில் சந்தனக் கீற்று. வெளிச்சத்தில் அப்படியே பாக்கியத்தின் சாயல்.

சொல்லிவிடலாம். உன் அம்மா கொடுத்த பிளாஸ்டர், நான் ஊற்றிய தண்ணீர், என் சோம்பல் என்று சொல்லிவிடலாம். பிறகு? இந்தப் பிள்ளை அப்பாவையும் இழப்பாள். அம்மாவைப் பற்றிய நினைப்பிலும் ஒரு முள் ஏறிவிடும். மருதமுத்து சீட்டை இறக்கி வைத்து அழுத்தினார்.

"ஒண்ணுமில்லம்மா. காயில் நல்லாயிருக்கான்னு பாத்தேன்."

"புதுசுதானே, அதுக்கென்ன வந்துச்சு?" என்று செம்பைச் சாய்க்கப் போனாள்.

"மேல ஊத்தாத!" அவர் போட்ட சத்தத்தில் அவள் திடுக்கிட்டாள். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சக்கரத்துக்குத் தெளிச்சாப் போதும்மா. சாமி கோவிச்சுக்காது."

வண்டிக்குப் பொட்டு வைத்து, எலுமிச்சம்பழம் வைத்து, இருவரும் உள்ளே வந்தார்கள். பாக்கியத்தின் படத்துக்கு மாலை போட்டிருந்தாள் யசோதினி. கீழே இருந்த காயிலையும் துடைத்து, அதற்கும் சந்தனம் தொட்டு, நடுவே குங்குமம் வைத்து, ஒரு செவ்வந்திப் பூவைச் சாத்தியிருந்தாள். சூடத்தை ஏற்றித் தட்டை அப்பாவின் பக்கம் நீட்டினாள்.

"கும்பிடுங்கப்பா" என்றாள்.

மருதமுத்து படத்தைப் பார்த்தார். அதற்குக் கீழே, யாருடைய வண்டியில் வெடித்ததோ தெரியாத அந்தக் காயிலையும் பார்த்தார். பிறகு இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார்.